கேட்காமல் இருந்தவர்களுக்கும் நன்றி



1956ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அப்போதைய மலாயாக் கூட்டரசு சட்டமன்றம் ரசாக் கல்வி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் ஆசிரியர் தினம் மே 16இல் கொண்டாடப்படுவதற்கு அதுவே காரணம். அன்றைய தினம் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் ஒரே காட்சிதான். வகுப்பாசிரியர்களின் மேசையில் ரோஜாப் பூக்கள், சாக்லெட், கைப்பட எழுதிய வாழ்த்து அட்டைகள், பெயர் பொறித்த குவளைகள் என்று குவிந்து கிடக்கும். ஒரே நாளில் ஆறு குவளைகளை வீட்டுக்குக் கொண்டு போகும் ஆசிரியர்களும் உண்டு.

ஆனால், ஒருவரின் மேசை மட்டும் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அவர்தான் ஆலோசக ஆசிரியர். மாணவர்களுக்கு அவர்மீது அன்பு இல்லை என்று பொருளல்ல. அந்த அறைக்குப் பூவோடு போனால், "நீ எதுக்கு அங்க போன?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பாத பிள்ளைகள்தாம் அந்த அறைக்குள் போய் வந்தவர்கள்.

இன்றைய அரங்கில் பேசப்படுவது அத்தகைய ஓர் ஆலோசக ஆசிரியையின் நன்றியைப் பற்றி. கிள்ளான் பள்ளத்தாக்கில், மூவின மாணவர்களும் படிக்கும் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பணியில் இருப்பவர். ஓய்வுபெறும் நாளை நெருங்கிக் கொண்டிருப்பவர். அவர் பெயரையோ பள்ளியின் பெயரையோ இங்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அவர் இத்தனை காலம் பாதுகாத்து வந்த சில பிள்ளைகளின் அடையாளமும் சேர்ந்து வெளிவந்துவிடும். அது அவருடைய ஒரே நிபந்தனை.

நம் பள்ளிகளில் வழிகாட்டல் சேவை நீண்ட காலமாகவே இருந்து வந்தது. எனினும், பாடம் போதிக்கும் ஆசிரியரே கிடைத்த ஓய்வு நேரத்தில் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார், அவ்வளவுதான். 1996ஆம் ஆண்டில்தான், 500 மாணவர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் நியமிக்கப்படலாயினர். அடுத்து 1998இல் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, நிறைவேறியது. ஆலோசனை என்பது பதிவு பெற்று, அனுமதிச் சான்று பெற்றுச் செய்ய வேண்டிய தொழில் என்பதை அந்தச் சட்டம் நிலைநாட்டியது. ஆலோசனை பெற வந்தவர் சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது என்ற கடமையும் அத்துடன் சேர்ந்து வந்தது.

இந்தக் கடமையை நேயர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கணித ஆசிரியர் தம் மாணவர் 'ஏ' எடுத்தால் ஆசிரியர் அறையில் மார்தட்டிக் கொள்ளலாம். காற்பந்துப் பயிற்றுநர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டலாம். ஆலோசக ஆசிரியர் எதைக் காட்டுவார்? அவர் வேலை நன்றாக நடந்தால், எதுவுமே நடக்காதது போல் இருக்கும். ஒரு பிள்ளை வழக்கம்போல் பள்ளிக்கு வருவான், வழக்கம்போல் வீட்டுப் பாடத்தை மறந்துவிட்டு ஏச்சு வாங்குவான். அவ்வளவுதான் வெற்றி.

இத்தகைய ஒருவரைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நடத்திய ஒரு விருந்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல்வருக்கு நன்றி, கல்வி இலாகாவுக்கு நன்றி என்று வரிசையாகச் சொல்லி அமர்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ முதல் நன்றியைப் பள்ளி வாசலில் நிற்கும் பாதுகாவலருக்குச் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தார்கள் போலும்.

விளையாட்டல்ல. காலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்த வாசலைக் கடக்கிறார்கள். யார் நடந்து வருகிறான், யார் அழுத முகத்தோடு வருகிறாள், யாரை இதுவரை பார்த்திராத ஒரு மோட்டார் சைக்கிள் கொண்டு வந்து விடுகிறது என்பதெல்லாம் பாதுகாவலர் கண்ணில்தான் முதலில் படும். அவர் ஒன்றும் ஆராய்ச்சி செய்வதில்லை. "டீச்சர், அந்தப் பையன் மூணு நாளா செருப்போட வர்றான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். பையனின் சப்பாத்து கிழிந்திருக்கிறது என்று பொருள். வீட்டில் ஏதோ சரியில்லை என்பதன் முதல் அடையாளமும் அதுவாக இருக்கலாம்.

இரண்டாவது நன்றி, சிற்றுண்டிச்சாலை நடத்தும் மலாய்க்கார அம்மையாருக்கு. மாணவர்கள் அவரை 'மாச்சிக்' என்று அழைக்கிறார்கள். அரசாங்கத்தின் துணை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கானது. பன்னிரண்டு வயதில் சாப்பாடு கிடைத்த ஏழைப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் பசி தீர்ந்துவிடுவதில்லை. ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து, குழாய்த் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக் குடித்துக்கொண்டு, "எனக்குப் பசிக்கல" என்று சொல்லும் பிள்ளையை வகுப்பாசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. மாச்சிக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு தட்டு மீ கோரேங்கை நீட்டி, "இது மிச்சம், வீணாப் போயிடும்," என்பாராம். காலை பத்து மணிக்கு எந்தக் கடையில் மிச்சம் இருக்கும்? பிள்ளையின் தன்மானம் கெடாமல் சோறு போடத் தெரிந்த அந்த அம்மையார், எந்த ஆலோசனைப் பயிற்சிக்கும் போனவரல்லர்.

மூன்றாவதாக அவர் நன்றி சொன்னது கட்டொழுங்கு ஆசிரியருக்கு. ஆசிரியர்களுக்கே இது வியப்பாக இருந்தது. பல பள்ளிகளில் கட்டொழுங்கு ஆசிரியரும் ஆலோசக ஆசிரியரும் எதிரும் புதிருமாக இருப்பார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஒருவர் கையில் பிரம்பு, மற்றவர் கையில் கைக்குட்டை என்று மாணவர்கள் கேலி பேசுவார்கள். இந்தப் பள்ளியில் நிலைமை அப்படி இல்லாமல் போனதற்கு ஒரு கடிதம் காரணம்.

நான்காம் படிவத்தில் ஒரு மாணவன். தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து வந்தவன். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தான். வந்தாலும் மேசையில் தலை வைத்துத் தூங்குவான். முதல் எச்சரிக்கைக் கடிதம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் தயாரானது. அதற்குப் பிறகும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடலாம் என்பது விதி. விதிப்படி நடந்திருந்தால் யாரும் அந்தக் கட்டொழுங்கு ஆசிரியரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலோசகர் அறைக்கு வந்தார். "இது வெள்ளிக்கிழமை தபாலில் போகும். இன்றைக்குத் திங்கட்கிழமை," என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆலோசக ஆசிரியை அந்த வீட்டைத் தேடிப் போனார். மலிவு விலை அடுக்குமாடி, நான்காவது மாடி, மின்தூக்கி இல்லை. தந்தை லோரி ஓட்டுநராக இருந்தவர். சிறுநீரகம் செயலிழந்து, வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க் கொண்டிருந்தார். தாய் ஒரு கடையில் மங்கு கழுவினார். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை தூக்கி, ஆறு மணிக்கு வீடு திரும்புவது பையனின் வேலை. ஏழரை மணிக்கு அவன் பள்ளியில் தூங்காமல் வேறென்ன செய்வான்? "படிப்ப விடச் சொல்லி நாங்க சொல்லல டீச்சர். அவனே எங்ககிட்ட கேக்காம போயிட்டான்," என்றார் தாய்.

ஆலோசகரிடம் மந்திரக்கோல் எதுவும் இல்லை. தந்தையின் சிகிச்சைச் செலவைச் சொக்சோ ஏற்றிருந்தது. ஆனால், நோயால் வேலை செய்ய முடியாமல் போன சந்தாதாரருக்கு அதே சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் என்ற ஒன்று உண்டு, மருத்துவக் குழுமத்தின் சான்றோடு அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தக் குடும்பத்திற்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆலோசக ஆசிரியைக்கே அது அப்போது தெரியாது. பள்ளி அலுவலகத்தில் வேலை செய்யும் குமாஸ்தாப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அண்ணனுக்கு அதே நிலை வந்திருந்ததாம். பாரங்களை நிரப்பியதும், எந்த முகப்பில் என்ன கேட்க வேண்டும் என்று அந்தத் தாய்க்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தாம். பணம் கையில் வந்து சேர மாதங்கள் ஆயின. அதுவரை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மளிகைச் சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். பையன் சந்தை வேலையை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டான். மூன்றாவது கடிதம் தபாலில் போகவில்லை.

எஸ்.பி.எம். தேர்வில் அவன் பிரமாதமாக எழுதிவிட்டான் என்று நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம். மலாய்மொழியில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. 2013ஆம் ஆண்டுத் தேர்வு முதல் வரலாற்றிலும் தேற வேண்டும் என்று ஆகிவிட்டது. இவனுக்கு வரலாறுதான் முட்டுக்கட்டை. வரலாறு போதித்த ஆசிரியை, கிட்டத்தட்ட எட்டு மாதம், பள்ளி முடிந்ததும் இருபது நிமிடம் சிற்றுண்டிச்சாலையில் அவனோடு உட்கார்ந்தார். கூடுதல் வகுப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. மாணவன் சான்றிதழ் வாங்கினான். தொழிற்பயிற்சிக் கழகத்தில் குளிர்சாதனப் பயிற்சி முடித்து இன்று அந்த வேலையில் இருக்கிறான். ஆலோசக ஆசிரியை அந்த விருந்தில் இந்தக் கதையைச் சொல்லவில்லை. கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்த்து, "ஒரு திங்கட்கிழமைக்காக நன்றி," என்றார். அவருக்கு மட்டும் புரிந்தது. பிறகு பல ஆண்டுகள் கழித்து, அந்த மாணவனே முன்வந்து, சொல்லுங்கள் டீச்சர் என்று சம்மதித்ததால்தான் இந்த விவரம் இங்குப் பேசப்படுகிறது.

சக ஆசிரியர்களின் துணை நன்றாகத் தெரிந்த காலம் கோவிட் காலம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடப்பட்டது. இணையத்தில் வகுப்பு நடந்தது. ஆனால், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி உள்ள வீட்டில் யார் எந்த வகுப்பில் அமர்வது? அந்த ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. இடைப்பட்ட மாதங்களில் சில மாணவர்கள் இருக்குமிடமே தெரியாமல் போனார்கள். அனுமதி கிடைத்த நாள்களில், சீனக் கணித ஆசிரியை ஒருவர் தம் காரை எடுத்து வந்தார். ஆலோசக ஆசிரியைக்கு வழி தெரியும், அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று இருவரும் கூட்டுச் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். கதவுக்கு வெளியே நின்று, முகக் கவசத்தோடு பேசிவிட்டு, பயிற்சித் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வேலைக்குப் போய்விட்ட சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. வராதவர்களின் பெயர்கள் ஆலோசக ஆசிரியைக்கு இன்றும் மனப்பாடம்.

மாணவர்களுக்கு அவர் சொல்லும் நன்றி வேறு வகை. சக மாணவர் வழிகாட்டிகள் என்று ஒரு குழு பல இடைநிலைப்பள்ளிகளில் உண்டு. அறைக்கு வரத் தயங்கும் தோழியின் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டு வந்துவிட்டு, உள்ளே என்ன பேசினார்கள் என்று கடைசி வரை கேட்காமல் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளை அவர் மிகவும் மதிக்கிறார். பெரியவர்களுக்கே அந்தப் பக்குவம் அரிது.

ஆயினும், அவர் மனத்தில் முதலிடத்தில் இருக்கும் மாணவி, அவருக்கு ஒருமுறைகூட நன்றி சொல்லாதவள்.

கெட்டிக்காரப் பெண். தேர்ச்சி அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை உள்ள மாணவர்களின் பட்டியல் எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. ஒரு நாள் மதியம், மேற்படிப்பைப் பற்றிக் கேட்க வந்தவள் போல் வந்து உட்கார்ந்து, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். பேசப் பேச, அது வெறும் மனச்சோர்வு அல்ல, அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள் என்பது ஆசிரியைக்குப் புரிந்தது. "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்," என்றாள்.

இரகசியம் காக்கும் கடமைக்கு ஓர் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அந்தக் கடமை அங்கே நின்றுவிடும். ஆசிரியை சத்தியம் செய்யவில்லை. "உங்கம்மாகிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்மா. உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். உன் முன்னாடியே கூப்பிடறேன்," என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பெண் அதன் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பெற்றோர் வந்தார்கள். தந்தை கேட்ட முதல் கேள்வி, "இது போலீஸ் கேஸ் ஆகுமா?" என்பதுதான். அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். அக்காலத்தில் தற்கொலை முயற்சி, தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவின் கீழ்க் குற்றமாக இருந்தது. 2023ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கியது. அந்தப் பயத்தால் எத்தனை குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கும்! பள்ளி முதல்வர், ஒரு மலாய்க்கார அம்மையார், குரலை உயர்த்தாமல், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, முதலில் மருத்துவமனைக்குப் போவோம் என்று சொல்லித் தம்முடைய காரிலேயே அவர்களை அழைத்துப் போனார்.

சில வாரங்கள் கழித்து மாணவி பள்ளிக்குத் திரும்பினாள். சிகிச்சை தொடர்ந்தது. ஐந்தாம் படிவம் முடியும் வரை ஆலோசக ஆசிரியையோடு பேசவே இல்லை. நடைபாதையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்ற கோபம் அவளுக்கு. ஆசிரியை அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை. வேறொரு ஆலோசகரிடம் அவளை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்மைக் கடந்து போன ஒவ்வொரு நாளும், அவள் பள்ளிக்கு வந்திருக்கிறாள் என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்வாராம். அப்படி வந்ததற்காகத்தான் அவளுக்கு நன்றி. அவள் இப்போது எங்கிருக்கிறாள் என்பது ஆசிரியைக்குத் தெரியும். தேடிப் போகவில்லை. ஊரும் பெயரும் மாறாத அடையாளம் எதுவும் இங்கே சொல்லப்படவில்லை என்பதால் நேயர்களும் தேட வேண்டாம்.

2022ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டுப் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகக் காட்டியது. நம்மவர்களோ, பிள்ளையை ஆலோசகர் கூப்பிட்டார் என்று தெரிந்தாலே, "எம் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று பள்ளிக்குச் சண்டைக்கு வருகிறோம். வீட்டில் இத்தகைய பேச்சு எழுந்தால், 1970 முதல் இயங்கி வரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பையோ, 15999 என்ற தாலியான் காசே எண்ணையோ அழைக்கலாம். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, குடும்பம். மாணவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு ஆசிரியை வீடு திரும்பியபோது இரவு மணி பத்து. கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்யும் கணவர் கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்தார். ரசத்தைச் சூடாக்கி, சோற்றைப் போட்டு, எதிரே உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும், இல்லாவிட்டால் கடமையை மீற வேண்டியிருந்திருக்கும். கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று கல்யாண மேடையில் வாழ்த்துகிற நாம், இப்படி ஒரு புரிந்துணர்வும் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கேட்காமலேயே இருக்கிறார்.

மாமியார் அப்படி அல்லர். ஆரம்பத்தில், "சம்பளம் ராத்திரி வரைக்குமா குடுக்கறாங்க?" என்று நேராகவே கேட்டுவிடுவார். ஆனால், ஒரு நாள் மருமகள் தம் மதிய உணவைப் பள்ளியில் யாருக்கோ கொடுத்துவிட்டுப் பசியோடு வந்ததைக் கண்டுபிடித்த பிறகு, உணவுத் தூக்கில் ஓர் அடுக்கு கூடியது. யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை. காரம் மட்டும் குறைத்திருந்தார். சீனப் பிள்ளையாகவும் இருக்கலாம் அல்லவா?

மகளின் கணக்குத்தான் சுலபமாகத் தீராதது. இரண்டாம் படிவம் படிக்கும்போது, அம்மா தன் விளையாட்டுப் போட்டிக்கு வராமல் போன நாளில் அவள் கேட்டாள்: "உங்களப் பார்க்க நானும் அப்பாய்ண்ட்மெண்ட் எடுக்கணுமாம்மா?" நாள் முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது கொடுப்பவர், வீட்டுக்கு வந்ததும் காதை மூடிக்கொள்வது இந்தத் தொழிலின் நோய். அதை அந்தப் பெண் வாய்விட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை மகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சந்தைக்குப் போவார்கள், தோசை சாப்பிடுவார்கள், கைத்தொலைபேசி வீட்டிலேயே இருக்கும். எல்லாச் சனிக்கிழமைகளும் அப்படி அமைந்தன என்று சொல்ல முடியாது. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமை காலையில் அவள்தான் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டு, ஆலோசகர் அறைக்கு இளைஞர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். முதல் நாளே கோப்புகளைக் காட்டுவார்கள், கணினிப் பதிவைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து, குறிப்பேட்டோடு வந்து நின்றார். ஆலோசக ஆசிரியை அலமாரியைத் திறக்கவில்லை. அவரை வாசலுக்கு அழைத்துச் சென்று பாதுகாவலரிடம் அறிமுகப்படுத்தினார். பிறகு சிற்றுண்டிச்சாலை, அலுவலகத்தில் குமாஸ்தாவின் மேசை, கட்டொழுங்கு ஆசிரியரின் அறை. சுற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாச்சிக் புதியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டாராம்.